மினி பேங்க் வழியே: திரூர் முதல் தர்மபுரி வரை

வெள்ளி, திரூர்

சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கல் ஏறி, செவ்வாப்பேட்டை ரோடில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் திரூர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஆட்டோக்காரர் "நெல் ஆராய்ச்சி ஆபீஸா சார்?" என்றார். கூட்டுறவுக் கடன் சங்கம் என்றதும் திரும்பிப் பார்த்து, "நகை வைக்கவா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தச் சங்கத்துக்கு வெளியூர் ஆள் வர வேறு காரணம் என்ன இருக்கிறது?

எனக்கு இருந்தது. 1904 ஆகஸ்ட் 30 அன்று பதிவான இந்தத் திரூர் சங்கம்தான் இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம். வங்கிக் கணக்கே இல்லாதவர்களுக்குப் பணம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை ஊர் ஊராகப் போய்ப் பார்க்கக் கிளம்பியிருக்கிறேன். அந்தப் பயணத்தை வேறு எங்கே தொடங்குவது?

சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே குடியானவர்களுக்கு எப்படிக் கடன் கிடைக்கிறது என்று பார்த்துவரச் சொன்னது. 1895இலும் 1897இலும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். அத்தனை பக்கங்களின் சாரத்தையும் இரண்டு சொல்லில் முடித்தார்: "ரைபைசனைத் தேடுங்கள்." ரைபைசன் என்பவர் ஜெர்மனியில் ஒரு கிராமத் தலைவர். ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் சங்கங்களை உண்டாக்கியவர். யார் நாணயமானவர், யாருக்கு இந்தப் பட்டம் விளைச்சல் போய்விட்டது என்பதெல்லாம் பட்டணத்து வங்கிக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். அந்த அறிவையே ஈடாக வைத்துக் கடன் கொடுக்கலாம் என்பது அவர் கண்ட வழி.

நான் போன நேரத்தில் நகைக்கடன் வரிசைதான் நீளமாக இருந்தது. சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நடவுச் செலவுக்காம். பயிர்க்கடன் வாங்கியிருக்கலாமே என்றேன். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டிவிட்டால் வட்டியே கிடையாது. அவர் சொன்னார்: "நிலம் என்னுது இல்ல தம்பி. குத்தகை. சிட்டா அடங்கல் கேப்பாங்க. மொதலாளி பேர்ல இருக்கு. அவர் கிட்ட போய் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கறது?"

அவருக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது. பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் இருக்கின்றன. கணக்கெடுப்பில் அவர் "உள்ளே வந்தவர்". உழுகிற கைக்கு உழவுக் கடன் மட்டும் இல்லை. வட்டியில்லாக் கடன் இருக்கிற அதே கட்டடத்தில் அவர் சங்கிலியை வைத்து வட்டிக்கு வாங்கிப் போகிறார். இதைப் பற்றி இன்னும் எவ்வளவோ எழுதலாம். பேருந்துக்கு நேரமாகிறது.

இரண்டாம் சனி, மங்கலம்

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில், வில்லியனூர்ப் பக்கம் உள்ள ஊர் மங்கலம். 2005 கடைசியில் இந்த ஊரில் இருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தியன் வங்கி கணக்குத் திறந்து கொடுத்தது. எல்லாக் குடும்பத்துக்கும் வங்கி வசதி கிடைத்த முதல் இந்தியக் கிராமம் என்று மங்கலத்தின் பெயர் அப்போது நாடெங்கும் போனது. அன்றைக்கு அந்த வங்கியின் தலைவர் கே.சி. சக்ரபர்த்தி. பிறகு ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநரானார். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத எளிய கணக்குகளைத் திறக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை விட்டதும் அதே 2005 நவம்பரில்தான். அடுத்த ஜனவரியில் இன்னொரு கதவு திறந்தது: கிளை இல்லாத ஊரில் வங்கிக்குப் பதிலாக ஓர் ஆளை முகவராக வைத்துக்கொள்ளலாம். ஊரில் நாம் மினி பேங்க், பி.சி., வங்கி மித்ரா என்று சொல்கிறோமே, அவர்களின் கதை அங்கே ஆரம்பம்.

இருபது வருஷம் கழித்து ஊர் எப்படி இருக்கிறது? தேநீர்க் கடையில் எல்லாரும் கியூஆர் ஒட்டிய டப்பாவைத்தான் காட்டுகிறார்கள். கணக்கு இல்லாத ஆளைத் தேடினால் "அப்படி யாருங்க இருக்காங்க இப்போ?" என்று என்னையே கேட்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும் அந்த முதல் பாஸ்புக்கை இன்னும் வைத்திருந்தார். அட்டை போய்விட்டது. "அப்ப ஆபீசருங்க வூட்டு வாசல்லயே வந்து போட்டோ புடிச்சாங்க. கையெழுத்து வராதுன்னேன். கை நாட்டு போதும்னாங்க. பேங்க்காரன் என் வூட்டுத் திண்ணையில ஒக்காந்தது அன்னிக்குத்தான் மொதோ தடவ." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மதிக்கிறேன். வங்கிக்குள் போய் நிற்கவே கூச்சப்பட்ட ஒரு தலைமுறைக்கு, வங்கி எழுந்து வந்தது சின்ன விஷயம் இல்லை.

மங்கலத்தில் வீடுவீடாக நடந்தது, 2014 ஆகஸ்ட் 28 முதல் ஜன்தன் திட்டமாக நாடு முழுக்க நடந்தது. ஜன்தன் கணக்குகள் மட்டும் 2023இல் 50 கோடியைத் தாண்டின. உலக வங்கியின் கணக்கெடுப்பில் 2011இல் இந்தியாவில் வயதுவந்தோரில் 35 சதவீதம் பேருக்குத்தான் கணக்கு இருந்தது. 2024இல் 89 சதவீதம். உலகத்தில் இன்னும் 130 கோடிப் பேருக்கு எந்தக் கணக்கும் இல்லை என்கிறது அதே கணக்கெடுப்பு. அதை வைத்துப் பார்த்தால் நாம் நெடுந்தூரம் வந்திருக்கிறோம்.

ஆனால் 2021இல் அவர்களே இன்னொன்றும் சொன்னார்கள். இந்தியாவில் கணக்கு வைத்திருந்தவர்களில் 35 சதவீதம் பேர் அந்த ஆண்டு முழுக்க ஒரு ரூபாய்கூடப் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. 2024இல் அது 16 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அந்தப் பதினாறு பேரைத்தான் மலையில் பார்க்கப் போகிறேன்.

ஞாயிறு, போளூர்

பயணம் மட்டும். திண்டிவனம், திருவண்ணாமலை, போளூர். விடுதியில் மின்விசிறி ஓடுகிறது, போதும். நாளை பதினைந்தாம் தேதி. மகளிர் உரிமைத்தொகை ஏறும் நாள்.

திங்கள், ஜமுனாமரத்தூர்

காலை முதல் பேருந்திலேயே கூட்டம். ஜவ்வாது மலை ஏறி, இறங்கி, வளைந்து ஜமுனாமரத்தூர் வரும்போது குளிர் காதில் ஏறுகிறது. சாமையும் தேனும் புளியும் விளையும் மலை. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பழங்குடியினருக்கான பெரிய அளவு பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் இங்கே உண்டு. 'லேம்ப் சங்கம்' என்றால் எல்லாருக்கும் புரியும். ஆனால் இன்று யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. சந்து முனையில் ஒரு பத்துக்குப் பத்து அறை. அதன் வாசலில் விடிந்ததிலிருந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மினி பேங்க்.

நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பி.காம். படித்தவர். ஒரு மடிக்கணினி, ஒரு கைரேகைக் கருவி, சீட்டு அடிக்கிற சின்ன பிரின்டர், மேசை இழுப்பறையில் ரொக்கம். நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க அனுமதித்தார்.

வேலை இப்படி நடக்கிறது. ஆதார் எண்ணைத் தட்டுகிறார், எந்த வங்கி என்று கேட்கிறார், தொகையைப் போடுகிறார். விரலை வைக்கச் சொல்கிறார். ரேகை ஒத்து விழுந்தால் எடுத்தவர் கணக்கில் ஆயிரம் குறையும், இவர் கணக்கில் ஆயிரம் ஏறும், இழுப்பறையிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள் கை மாறும்.

கடைசி வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். வங்கியின் ரொக்கம் எதுவும் அந்த அறையில் கிடையாது. கை மாறுவது அந்தப் பெண்ணின் சொந்த ரொக்கம். வங்கி அவர் கணக்கில் எண்ணாகத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த எண்ணை மறுபடி தாளாக்க அவர் கிளைக்குப் போக வேண்டும். இன்றைக்கு மதியம் பன்னிரண்டரைக்கு இழுப்பறை காலி. வாசலில் இன்னும் கூட்டம். தம்பியை உட்கார வைத்துவிட்டு அவர் வண்டி எடுத்துக்கொண்டு கிளைக்குப் போனார். அங்கேயும் வரிசை. வருவதற்கு ஒன்றரை மணி நேரம். அதுவரை, மூன்று மணி நேரம் நடந்து வந்திருந்த ஓர் அம்மா வாசற்படியிலேயே காத்திருந்தார். திரும்பி நடக்க இருட்டிவிடும் என்ற கவலை அவருக்கு.

"மொதல் போட எங்கிருந்து பணம் வந்துச்சும்மா?" என்று கேட்டேன்.

"நகைங்கண்ணா. கல்யாண நகை. கீழ அடகுல இருக்கு."

ஆக இந்த மலையின் வங்கி ஓடுவது, ஒரு பெண்ணின் கல்யாண நகையை வைத்து வாங்கிய முதலில். அவருக்கு வருகிற கமிஷன் ஓர் எடுப்புக்குச் சில ரூபாய். வாடகை, நெட், பிரின்டர் தாள், பெட்ரோல் போக மிஞ்சுவது என்ன என்று காகிதத்தில் கூட்டிக் காட்டினார். அந்தத் தொகையை இங்கே எழுத அவர் விரும்பவில்லை. வாடிக்கையாளரிடம் முகவர் தனியாகக் காசு வாங்கக் கூடாது என்பது விதி. சரியான விதி. பல ஊர்களில் பத்தும் இருபதும் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதும் உண்மை, அதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் விதியை மதித்து ஒரு ரூபாய் வாங்காத இந்தப் பெண்ணுக்கு அமைப்பு என்ன கொடுக்கிறது?

கைரேகை பற்றி. சுண்ணாம்பு, புளி, கல், விறகு என்று வேலை செய்த விரல்களில் ரேகை தேய்ந்து போயிருக்கிறது. வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல், ஆள்காட்டி என்று வரிசையாக வைத்துப் பார்க்கிறார். ஈரத்துணியில் துடைக்கச் சொல்கிறார். தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றச் சொல்கிறார். "எங்கைய மிஷினுக்குப் புடிக்கல" என்று ஒரு பாட்டி எழுந்துவிட்டார். முதியோர் பணம் 1,200 ரூபாய். எடுக்க முடியாமல் இரண்டு மாதமாகச் சேர்ந்து கிடக்கிறது. முகத்தை வைத்துச் சரிபார்க்கும் முறை வந்திருக்கிறது, அதில் முயன்றார்கள், சிக்னல் இழுத்து இழுத்து அறுந்தது. பழைய நாளில் தபால்காரர் மணியார்டரை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார், கை நாட்டு வைத்தால் முடிந்தது என்றார் பாட்டி. இப்போதும் அஞ்சல் ஊழியர்களிடம் கைக்கருவி உண்டு. 2018 செப்டம்பரில் தொடங்கிய அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி வழியாக எந்த வங்கிக் கணக்குப் பணத்தையும் வீட்டு வாசலில் கொடுக்க அவர்களால் முடியும். தொலைதூரக் குக்கிராமங்களுக்கு அவர்கள் மாதம் ஒரு நாளாவது கட்டாயம் வர வேண்டும் என்று ஆக்கினால், அந்த அம்மா மூன்று மணி நேரம் நடக்க வேண்டியதில்லை.

இன்னொரு தொல்லை: கணக்கில் கழிந்துவிட்டது, கையில் வரவில்லை. இன்றைக்கு ஒருவருக்கு அப்படி ஆனது. நூறு நாள் வேலைக் கூலி. ஒரு நாளைக்கு 336 ரூபாய் என்று ஒரு வாரம் ஏரி வெட்டி வந்த பணம். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். படிப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: ஆதார் வழி எடுப்பில் இப்படி நடந்தால் அன்றைய நாள் போக ஐந்து நாளுக்குள் பணம் தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். 2019இலிருந்து ரிசர்வ் வங்கி விதி. வாசலில் இருந்த ஒருவருக்கும் இது தெரியாது. சீட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள் என்று அந்தப் பெண் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஜன்தன் கணக்கோடு கொடுக்கும் ஏடிஎம் கார்டான ரூபே கார்டு பற்றியும் கேட்டுப் பார்த்தேன். பெட்டியில் இருக்கிறது என்றார்கள் எல்லாரும். ஜன்தன் ரூபே கார்டோடு விபத்துக் காப்பீடு வருகிறது. 2018 ஆகஸ்ட் 28க்குப் பிறகு திறந்த கணக்குகளுக்கு 2 லட்சம் ரூபாய். ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்தக் கார்டை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். பெட்டிக்குள் பூட்டிய கார்டுக்குக் காப்பீடு கிடையாது. மரம் ஏறித் தேன் எடுக்கிற மக்களிடம் இதை யார் சொல்லியிருக்க வேண்டும்?

நான் கிளம்பும்போது மணி ஏழு. இன்னும் ஆறு பேர் இருந்தார்கள்.

செவ்வாய், மலையிலிருந்து இறங்கி

காவலூர், ஆலங்காயம் வழியாகத் திருப்பத்தூர், அங்கிருந்து தர்மபுரி. தர்மபுரிப் பேருந்து நிலையத்துக்கு வெளியே கீரை விற்கிற அக்காவிடம் தண்டல்காரர் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அட்டையில் கிறுக்கிவிட்டுப் போனார். கடன் பத்தாயிரம்; கையில் வந்தது ஒன்பதாயிரம்; தினம் நூறு வீதம் நூறு நாள். "உங்களுக்கு பேங்க்ல ஓவர்டிராப்ட் உண்டு தெரியுமா?" என்றேன். ஜன்தன் கணக்கில் ஒழுங்காக வரவு செலவு செய்தவருக்கு, கணக்கில் இருப்பதற்கு மேலே பத்தாயிரம் வரை கடனாகக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. போன வருஷம் கிளையில் கேட்டாராம். அப்படி ஒன்று இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. இந்தப் பயணத்தில் நான் கேட்ட யாருமே அந்தப் பத்தாயிரத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. தண்டல்காரர் காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கும்போதே வந்து நிற்கிறார், காகிதம் கேட்பதில்லை. அவரைத் திட்டிப் பயனில்லை. அவர் நிற்கும் இடத்தில் அவர் வரும் நேரத்துக்கு வேறு யாராவது குறைந்த வட்டியில் நிற்க வேண்டும்.

புதன், தர்மபுரிக்குப் பக்கத்து கிராமம்

மகளிர் குழுவின் கதை தமிழ்நாட்டில் தொடங்கிய மாவட்டம் இது. 1989இல், கிருஷ்ணகிரி பிரியாத பழைய தர்மபுரியில், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் முதல் குழுக்களை அமைத்தது. ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டு, குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கச் செய்யும் நாடு தழுவிய குழு வங்கி இணைப்பை 500 குழுக்களோடு சோதித்துப் பார்த்தது 1992இல்தான். தர்மபுரி மூன்று வருஷம் முந்தி.

அம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம். பதினான்கு பேர். ஊக்குநர் பெயர் வாசித்தார், பிரதிநிதி பணம் எண்ணினார், ஒரு கல்லூரிப் பெண் பதிவேடு எழுதினாள். சேமிப்பு வசூலான பிறகு உள்கடன் பேச்சு. இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவருக்கு ஆடு வாங்க, இன்னொருவருக்கு மகனின் கால் அறுவை. இருந்த பணம் ஒருவருக்குத்தான் போதும். ஆடு கேட்டவர், "அவுங்க எடுத்துக்கட்டும், ஆடு எங்க போயிடப் போவுது" என்றார். தீர்மானம் எழுதிக் கையெழுத்தானது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, அந்த வட்டியும் குழுவுக்கே. மொத்தம் கால் மணி நேரம்.

நிக்கல்சன் தேடச் சொன்னது இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தது.

கூட்டம் முடிந்ததும் இன்னொரு பேச்சு வந்தது. இதே பெண்களில் பாதிப் பேருக்கு இரண்டு மூன்று மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகளிலும் கடன் இருக்கிறது. "செவ்வாய் ஒரு டியூ, வியாழன் ஒரு டியூ. இதுல வாங்கி அதுல கட்டறது" என்றார் ஒருவர். வங்கிக் கடன் வர மாதக்கணக்காகிறது, கம்பெனிக்காரர் ஒரு வாரத்தில் கொடுத்துவிடுகிறார். ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. வருமானம் எவ்வளவு என்று யாராவது வந்து விசாரித்தார்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து மிரட்டும் வசூலுக்கு எதிராக 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் வந்தது நல்லது. குழுவுக்கு வங்கி நேரத்தில் கடன் கொடுத்திருந்தால் வசூல்காரர்கள் இத்தனை பேர் அந்த வாசலுக்கு வந்திருக்கவே மாட்டார்கள் என்பதுதான் என் எண்ணம்.

வியாழன், தர்மபுரி

காலையில் ஒரு ஊராட்சி அலுவலகத்தில் மறு கேஒய்சி முகாம். ஜன்தன் தொடக்கத்தில் திறந்த கணக்குகளுக்குப் பத்து வருஷம் முடிந்ததால் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அதற்காக 2025 ஜூலையிலிருந்து ஊராட்சி தோறும் முகாம் போடத் தொடங்கினார்கள். ஆதார், பாஸ்புக், செல் எண் இருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிறது. வாரிசு நியமனமும் அங்கேயே போட்டுக்கொள்ளலாம். இரண்டு வருஷம் கைபடாமல் செயலிழந்த கணக்குக்கும் இதுவே மருந்து. உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்துப் போங்கள். அவர்களாகப் போக மாட்டார்கள்.

மதியம் உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் அதிகாரியான திருவண்ணாமலை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கு. மலையில் உள்ள வங்கி முகவர்களுக்கு, நகையை அடகு வைக்காமல் இழுப்பறையில் ரொக்கம் வைத்துக்கொள்ள, வங்கியே குறைந்த வட்டியில் ஓவர்டிராப்ட் கொடுக்க வேண்டும். பதினான்கு, பதினைந்து, பதினாறு தேதிகளில் கிளையில் அவர்களுக்குத் தனி வரிசை வேண்டும். மலைக்கிராம முகவருக்கு எடுப்புக் கமிஷனோடு மாதம் ஒரு நிலையான தொகை வேண்டும். ரேகை விழாத முதியவர்களின் பட்டியலை எடுத்து, அவர்கள் வீட்டுக்கே போய்ப் பணம் கொடுக்க ஏற்பாடு வேண்டும். ஜமுனாமரத்தூர்ப் பெண்ணிடம் போனில் படித்துக் காட்டினேன். கைரேகைக் கருவி கெட்டுப்போனால் புதிதாக வாங்கும் செலவும் முகவர் தலையில்தான் விழுகிறது, அதையும் சேருங்கள் என்றார். சேர்த்தேன்.

தலைமை அஞ்சலகத்தில் ஸ்பீட் போஸ்ட் செய்தாகிவிட்டது. பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன். வராவிட்டால் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்கு முன் திருவண்ணாமலைக்கு நேரில் போகிறேன்.